கூட்டம் சேர்த்துத் தருகிறேன் என்பவரிடம் டிக்கெட் விற்பனையைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: கோவை மாவட்டத்தில் ஒரு சிறிய மோட்டார் கிளப்பின் செயலாளர் நான். இரண்டு வருடமாகப் பந்தயத் தடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து பைக் டிராக் ரேஸ் (drag race) நடத்துகிறோம். ஓட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை, பார்க்கத்தான் ஆள் இல்லை. வருகிற கொஞ்சம் பேரும் மதியத்துக்கு மேல் கிளம்பிவிடுகிறார்கள். இந்த முறை ஒரு ஈவென்ட் ஏஜென்ட், “டிக்கெட் விற்பனையை முழுசாக என்னிடம் விடுங்கள், பத்தாயிரம் பேரைக் கொண்டுவருகிறேன். நடிகர், இன்ஸ்டா பிரபலங்கள், ஊருக்குள் பைக் ஊர்வலம் எல்லாம் என் பொறுப்பு” என்கிறார். கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிட்டோம். கமிட்டியில் சிலர் நுழைவையே இலவசமாக்கிவிடலாம் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். வருகிறவர்களும் மதியத்துக்கு மேல் கிளம்பிவிடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. வராதவர்களைப் பற்றிய கவலையை ஒரு வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். வந்தவர் ஏன் எழுந்து போனார் என்று பாருங்கள். அவர் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டால் அடுத்த வருடம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். பாதியில் போனவரோ, “ஒண்ணும் புரியலீங்க, வெயில்தான் மிச்சம்” என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். எந்த ஏஜென்டாலும் அந்தப் பேச்சை அழிக்க முடியாது.

டிராக் ரேஸ் என்பது இரண்டிரண்டு பைக்காக நேர்கோட்டில் ஓடும் ஓட்டம், தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். பெரிய பைக் பத்து விநாடியில் கடக்கும், சின்ன பைக் பதினைந்து இருபது விநாடி எடுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு ஜோடியை விட்டால் மணிக்கு ஆறு ஜோடி. கூட்டிப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை நிமிடம்தான் பந்தயம். மிச்ச நேரமெல்லாம் பார்வையாளர் வெறும் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஜோடி என்பதை இலக்காக வையுங்கள். ஒரு ஜோடி கோட்டில் நிற்கும்போது அடுத்த ஜோடி பின்னாலேயே ஹெல்மெட் மாட்டித் தயாராக நிற்க வேண்டும், மூன்றாவது ஜோடி வரிசையில் இருக்க வேண்டும். பெயர் கூப்பிட்ட பிறகு கையுறை தேடுகிறவருக்கு அந்த ரன் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒருவரை ஒருமுறை நிறுத்தினால் போதும், மற்றவர்கள் சரியாகிவிடுவார்கள்.

ஓடி முடித்த பைக் அதே தடத்தில் திரும்பி வருவதுதான் பெரும்பாலும் நேரத்தைத் தின்கிறது. திரும்பி வரத் தனி வழி இல்லையென்றால், ஐந்து ஜோடியை அந்தக் கோடியிலேயே நிறுத்திவைத்து மொத்தமாகத் திருப்புங்கள். முகம் தெரிகிற மாதிரி வைசரைத் தூக்கிவிட்டு, கூட்டத்தை ஒட்டி மெதுவாக வரட்டும், ஒவ்வொருவர் பெயரும் நேரமும் மைக்கில் வரட்டும். பத்து விநாடியில் பறந்து போனவரைச் சனம் அப்போதுதான் நன்றாகப் பார்க்கும்.

தடத்தில் ஆயில் சிந்தினால் அரை மணி நேரம் போச்சு. அமெரிக்காவில் டிராக் ரேஸை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு, ஆயில் கொட்டித் தடத்தை நிறுத்த வைக்கிற அணிக்கு அபராதம் போட்டுப் புள்ளியையும் குறைக்கிறது. உங்கள் விதிமுறையிலும் ஒரு வரி சேருங்கள். என்ஜினுக்கு அடியில் ஆயில் பிடிக்கும் தட்டு இல்லாத பைக்கைப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்புங்கள். முகத்துக்காக ஒருவரை விட்டால் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது மைக். உங்கள் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா பார்த்திருப்பீர்கள். 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு வண்டியை விட்டு, கடிகாரத்தில் நேரம் பிடித்துத்தான் பரிசு தருகிறார்கள். பக்கத்தில் போட்டி வண்டிகூட ஓடுவதில்லை. ஆனாலும் சனம் நாள் முழுக்க நிற்கிறது. காரணம், வருகிற காளை எந்த ஊர், யாருடையது, போன தடவை எத்தனை விநாடி, இப்போது முதலிடத்தில் இருக்கும் நேரம் என்ன என்பதையெல்லாம் வண்டி கிளம்பும் முன்பே மைக்காரர் சொல்லிவிடுகிறார். கூட்டத்துக்கு ஒரு பக்கம் சேர ஆள் கிடைத்துவிடுகிறது. உங்கள் போட்டியில் மைக் என்ன செய்கிறது? “கே.ஏ. 05 வண்டி ஓனர் உடனே பார்க்கிங்குக்கு வரவும்” என்கிறது. பிறகு ஸ்பான்சர் பெயர், பிறகு பாட்டு. ஆங்கிலத்தில் பேசும் தொகுப்பாளருக்குத் தருகிற பணத்தில், பைக் பைத்தியம் பிடித்த ஒரு கோவைக்காரரையும், அவர் பக்கத்தில் நேரத்தைக் குறித்துத் தர ஒரு பையனையும் உட்கார வையுங்கள். “இடது பக்கம் சூலூர் மெக்கானிக், சொந்தக் கடையில் டியூன் பண்ணினது, காலையில் 14.2 ஓடினவர். வலது பக்கம் அவரை மூன்று வருடமாகத் தோற்கடிக்கிறவர்.” இவ்வளவு போதும்.

ஒரு சிக்கலை மட்டும் அவர் ஒவ்வொரு மணி நேரமும் விளக்கியாக வேண்டும். டிராக் ரேஸில் கடிகாரம் பச்சை விளக்கோடு ஓடத் தொடங்குவதில்லை, சக்கரம் கோட்டை விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. இடது பக்கத்தவர் பச்சை விழுந்து 0.25 விநாடி கழித்துக் கிளம்பி 10.80-இல் ஓடுகிறார். வலது பக்கத்தவர் 0.05-இல் கிளம்பிவிட்டு 10.90 எடுத்துக்கொள்கிறார். பலகையில் இடதுதான் வேகம். முடிவுக் கோட்டை முதலில் தொட்டவர் வலது, பத்தில் ஒரு விநாடி முன்னால். இது தெரியாதவர் “ஏதோ ஏமாற்றுகிறார்கள்” என்று நினைக்கிறார். தெரிந்தவர் அடுத்த ஜோடி விளக்குக்கு முன் வந்து நிற்கும்போதே எழுந்து நின்று பார்க்கிறார்.

நம் ஊர்ப் போட்டிகள் பலவற்றில் ஜோடியாக விட்டாலும் பட்டியல் நேரப்படிதான் போடப்படுகிறது. பக்கத்தில் ஓடியவரை ஜெயித்தவர் பதினோராவது இடத்தில் இருப்பார். அதை மாற்றச் சொல்லவில்லை. நேரப் பட்டியலில் முதல் பதினாறு பேரை எடுத்து, தோற்றவர் வெளியே என்று மாலையில் தனியாக ஒரு நாக் அவுட் வையுங்கள். பதினைந்தே ஓட்டம், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இதை உங்கள் போட்டிக்கென்று எழுதும் துணை விதிமுறையில் சேர்த்து முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு நடப்பதால் மதியம் கிளம்பப் பார்ப்பவரும் தங்குவார். விளக்குக் கோபுரம் வாடகைக்கு எடுப்பதானால் கிளம்பும் கோட்டோடு நிறுத்தாதீர்கள். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் முழுவதும் வெளிச்சம் வேண்டும், அந்தத் தூரம் பந்தயத் தூரத்துக்குக் குறையக் கூடாது.

பைக்குகள் நிற்கிற இடத்தைப் பூட்டி வைத்து வி.ஐ.பி. பாஸ்காரர்களை மட்டும் விடுகிற பழக்கத்தை இன்றே விடுங்கள். என்.எச்.ஆர்.ஏ. போட்டிகளில் நுழைவுச் சீட்டு வாங்கிய யாரும் அணிகள் என்ஜின் பிரிக்கிற இடத்துக்குப் போகலாம். அதையே அவர்கள் விளம்பரமாகவும் போடுகிறார்கள். பதினோராயிரம் குதிரைத்திறன் என்ஜினுக்குப் பக்கத்தில் நிற்க அவர்கள் ஆளை விடுகிறார்கள், நீங்கள் 150 சிசிக்குக் கயிறு கட்டுகிறீர்கள்! பெட்ரோல் நிரப்பும் இடத்தை மட்டும் தள்ளி வைத்துவிட்டு மற்றதைத் திறந்துவிடுங்கள். குழந்தைகளுக்குக் காதடைப்பான் கொடுங்கள், விலை ஒன்றுமில்லை.

காலைப் பொழுதைப் பொதுமக்களுக்கு விடலாம். இங்கிலாந்தில் சான்டா பாட் என்ற தடம் இருக்கிறது. பழைய விமானப்படை ஓடுதளம், 1966-இலிருந்து டிராக் ரேஸ் நடக்கிறது. சொந்த வண்டியைக் கொண்டுவந்து பணம் கட்டி ஓட்டிப் பார்க்கிற நாட்களை அங்கே தனியாகவே நடத்துகிறார்கள். ஓட்ட வருகிறவர் கூட நண்பர்களையும் வீட்டாரையும் கூட்டி வருவார். உரிமம், ஹெல்மெட், வண்டிப் பரிசோதனை, காப்பீடு இருந்தால் போதும்.

இனி ஏஜென்ட் விஷயம். பத்தாயிரம் பேர் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டீர்களா? நான் பார்த்தவரை மூன்று வழிதான். ஒன்று, கல்லூரிப் பேருந்து. மாணவருக்கு ஓ.டி. (வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு), தலைக்கு இவ்வளவு என்று உங்களிடம் பில். சாப்பாட்டுப் பொட்டலம் தீர்ந்ததும் பேருந்து கிளம்பிவிடும். இரண்டு, நடிகர். நாலு மணிக்கு வருவார், நாலேகாலுக்குப் போவார், அவரோடு கூட்டமும் போகும். அந்தப் பதினைந்து நிமிடமும் உங்கள் தடம் நின்றிருக்கும். அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கில் பெங்களூரு ஹேமந்த் முத்தப்பா மாதிரி பலமுறை தேசிய டிராக் சாம்பியனானவர் ஒருவரை அழைக்க முயலுங்கள். வந்தால் ஓட்டியும் காட்டுவார். மூன்று, காகிதம். பாஸ் அடித்து ஊரெல்லாம் போட்டுவிட்டு, அடித்த எண்ணிக்கையையே வந்த எண்ணிக்கையாக ஸ்பான்சருக்குக் காட்டுவார். அடுத்த வருடம் அந்த ஸ்பான்சர் கேள்வி கேட்கப்போவது உங்களைத்தான்.

டிக்கெட் பணம் அவர் கணக்குக்குப் போனால் “அறுபது நாளில் செட்டில்மென்ட்” என்பார். அறுபது நாள் கழித்து ஜெனரேட்டர் வாடகை, மேடை, வரி என்று கழித்து நீங்கள்தான் பாக்கி என்பார். எந்த ஆன்லைன் தளத்தில் விற்றாலும் வங்கிக் கணக்கு கிளப்புடையதாக இருக்கட்டும். உணவுக் கடைகளையும் அவரிடம் ஏலம் விடாதீர்கள். வாடகையை ஏற்றிவிடுவார், இருபது ரூபாய்த் தண்ணீர் பாட்டில் ஐம்பதாகும், திட்டு உங்களுக்கு விழும்.

ஊருக்குள் ஊர்வலம், டயர் புகைய விட்டுக் காட்டுவது என்றெல்லாம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொதுச் சாலையில் வேகம் காட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் சிறைவரை போகும் குற்றம். அதைவிடப் பெரிய விஷயம் உயிர். 2007 ஜூனில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் செல்மர் ஊரில், நன்கொடை திரட்டும் விழா ஒன்றுக்காக சாலையிலேயே டிராக் கார் ஒன்றின் டயரைப் புகைய விட்டுக் காட்டினார்கள். தடுப்பில்லாத ஓரத்தில் நின்ற கூட்டத்துக்குள் கார் புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் தொழில்முறை ஓட்டுநர்.

இலவச நுழைவும் வேண்டாம். காசு கொடுக்காமல் வருபவர் நேரத்துக்கு வருவதில்லை, மழை தூறினால் வருவதே இல்லை, எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்கும் தெரியாது. நூறு ரூபாயாவது வையுங்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். தடத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு இலவசம். நாள் முழுக்கச் சத்தம் அவர்கள் வீட்டுக்குள் போகிறது, உங்கள் வண்டிகள் அவர்கள் சாலையை அடைக்கின்றன, புகார் மனு எழுதுவதும் அவர்கள்தான். ஆனால் பாஸ் கட்டை ஊர்ப் பெரியவர் கையிலோ கட்சிக்காரர் கையிலோ போனால் முக்கால்வாசி வெளியூருக்குப் போய்விடும், மிச்சம் வாசலில் விற்கும். ஆதார் அட்டையில் அந்த ஊராட்சி முகவரி இருந்தால் வாசலிலேயே விடுங்கள், பாஸே அடிக்க வேண்டாம். தனி வரிசை, தனி வாசல். அவர்களுக்கு ஓரத்தில் இடம் ஒதுக்காதீர்கள், கிளம்பும் கோட்டுக்கு எதிரே நிழலான இடம் கொடுங்கள். உள்ளூர்ப் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால்தான் டவுனிலிருந்து வரும் குடும்பமும் உட்காரும். அவர்களுக்குக் கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத மொபைல் கழிப்பறை பதினோரு மணிக்கே நாறிவிடும். தண்ணீர் டேங்கரையும் சேர்த்து ஒப்பந்தம் போடுங்கள்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் இன்டியானாபொலிஸில் யு.எஸ். நேஷனல்ஸ் என்ற டிராக் போட்டி 1961 முதல் ஆண்டுதோறும் அவர்களுடைய தொழிலாளர் தின (செப்டம்பர் முதல் திங்கள்) வார இறுதியில் நடக்கிறது, விளம்பரம் பார்த்துத் தேதி தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததும் அது வருடாந்தரத் திருவிழாவாக இருந்ததால்தான். நீங்கள் எப்படித் தேதி வைப்பீர்கள்? இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதி கட்டாயம், அது இல்லாமல் நடத்தினால் ஓட்டுகிறவரின் போட்டி உரிமத்துக்கே ஆபத்து. அது கைக்கு வந்த பிறகும் காவல் நிலையத்தில் தீயணைப்புத் துறைக் கடிதம் கேட்பார்கள், தீயணைப்பில் காவல்துறைக் கடிதம் கேட்பார்கள், ஒலிபெருக்கிக்குத் தனி மனு. கடைசிக் கையெழுத்து முந்தின நாள் சாயங்காலம் வரும். அதுவரை டிக்கெட் விற்கப் பயந்தால் எங்கிருந்து ஆள் வரும்? 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதியும் மறுநாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஊர் நடுவிலேயே இரவுப் பந்தயம் நடத்த அரசு இயந்திரத்தால் முடிந்தது. ஊருக்கு வெளியே, வேலி போட்ட தடத்தில் பைக் ஓட ஒரு கையெழுத்துக்கு ஆறு நடை. ரோட்டில் ரேஸ் விடாதே, தடத்துக்குப் போ என்று பையன்களுக்குப் புத்தி சொல்வதும் இதே அலுவலகங்கள்தான். “அனுமதி வாங்கித் தருகிறேன்” என்று இந்த இடைவெளியில் ஒருவர் வருவார், அவருக்கும் காசு கொடுக்காதீர்கள். மூன்று மாதம் முன்பே எல்லா மனுவையும் ஒரே நாளில் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிருங்கள். ஈரத் தடத்தில் ஓட்ட முடியாது. மழையால் நின்றால் அதே சீட்டு அடுத்த தேதிக்குச் செல்லும் என்று சீட்டிலேயே அச்சடியுங்கள்.

முன்பணம் கொடுத்தது வங்கி வழியாகவா, கையிலா என்று நீங்கள் எழுதவில்லை. கையில் என்றால் ரசீதை முதலில் கேட்டு வாங்குங்கள். பிறகு, டிக்கெட் விற்பனை உரிமை தரவில்லை, விளம்பரப் பலகை வேலை மட்டும் தருகிறோம், முன்பணத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். வாட்ஸாப்பில் பேசி முடிக்காதீர்கள். அவர் ஏற்கெனவே உங்கள் கிளப் பெயரில் எங்காவது டிக்கெட் விற்பனைப் பக்கம் திறந்திருக்கிறாரா என்று இன்றைக்கே தேடிப் பார்த்து, இருந்தால் அந்தத் தளத்துக்கே எழுதி மூட வையுங்கள்.