‘புல்வார்’ என்பது புல் வளர்ந்த வாரா?

கேள்வி: புதுச்சேரியின் பழைய நகரை ‘புல்வார்’ பகுதி என்கிறோம். கோட்டை மதிலோரம் புல் மண்டிக் கிடந்த நீண்ட நிலத்தைக் குறித்த ‘புல் வார்’ என்ற தமிழ்ச் சொல்லே பிரெஞ்சுக்காரர் வாயில் இவ்வாறு ஆயிற்று என்று என் தாத்தா சொல்வார். இது சரியா?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: தங்கள் தாத்தா இச்சொல்லை மதிலோடு சேர்த்துச் சொன்னது மிகச் சரி, புல்லைத்தான் விட்டுவிட வேண்டும். பிரெஞ்சு ‘பூல்வார்’, இடைக்கால டச்சு மொழியின் ‘பொல்வெர்க்’ என்பதிலிருந்து வந்தது. தடித்த பலகை அல்லது அடிமரம் என்பது முன்பகுதியின் பொருள். பின்பகுதி கட்டுமானத்தைக் குறிக்கும். அடிமரங்களை ஊன்றி நடுவே மண்ணைக் கெட்டித்து எழுப்பிய அரண் என்று விரித்துக் கொள்ளலாம். பீரங்கி வந்தபின் உயர்ந்த கல்மதிலைவிடத் தாழ்ந்த மண்மேடே குண்டுகளை நன்றாகத் தாங்கியதால், கோட்டை வாயிலுக்கு முன்னால் இத்தகைய அரண்களை அமைத்தார்கள். 1429 மே 7 அன்று ஓர்லியானில் ஜோன் ஆஃப் ஆர்க்கின் படை மோதியது இப்படிப்பட்ட ஒரு ‘பூல்வார்’ மீதுதான்.

பதினான்காம் லூயி 1670 இல் பாரிசின் மதில்களைத் தகர்க்கச் செய்து, அவ்விடத்தில் மரங்கள் சூழ்ந்த உலாவிடங்களை அமைத்தபோது, அரண் மறைந்தும் பெயர் அங்கேயே தங்கிவிட்டது. பின்னர் மதிலே இல்லாத அகன்ற சாலைகளுக்கும் அப்பெயர் பரவியது. ஆங்கிலத்திலோ அதே டச்சுச் சொல் ‘புல்வர்க்’ ஆகி, அரண் என்ற பழம்பொருளை விடாமல், கப்பலின் மேல்தளத்தைச் சுற்றி நிற்கும் பக்கச் சுவரையும் குறிக்கிறது.

நம் ஊரில் இச்சொல் மிகவும் பொருந்தி நிற்கிறது. 1761 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியின் கோட்டையையும் மதில்களையும் இடித்தனர். பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து எழுப்பிய அரண்களும் நிலைக்கவில்லை. அந்த மதில் வளைவை ஒட்டியே இன்றைய அண்ணா சாலை, சர்தார் வல்லபபாய் படேல் சாலை, சுப்பையா சாலை ஆகியவை மேற்கு, வடக்கு, தெற்குப் புல்வார்களாக அமைந்தன. அவற்றுக்குள் அடங்கிய நகரே புல்வார் பகுதி.

தஞ்சாவூரிலும் இதே மாற்றம் நிகழ்ந்திருப்பது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. கோட்டைக் கொத்தளத்தைக் குறிக்கும் ‘அலங்கம்’ என்ற சொல், அங்கே மேல அலங்கம், கீழ அலங்கம் என்று தெருப்பெயராக வழங்குகிறது. புல்வாருக்குத் தமிழில் ஈடு தேடினால், புல்லை விட்டு அலங்கத்தையே நான் எடுப்பேன்.