பற்றரியில் ஓடும் பேஸ் அம்ப்: வெள்ளவத்தை வாசகருக்கு ஒரு பதில்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நாலு தந்தி பேஸ் கிட்டார் வாங்கி ஒரு வருடமாகிறது. வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் வாசிக்க நேரம் கிடைக்கிறது, கீழ் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி), இவருடைய பேஸ் என்று மூன்று பேர் சேர்கிறார்கள். அங்கே பிளக் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவில் பாடகர் குழுவிலும் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். "பற்றரியில் ஓடும் சின்ன அம்ப் ஒன்று வாங்கப் பார்க்கிறேன் அண்ணா. 3 வாட், 5 வாட், 10 வாட் என்று போட்டிருக்கிறார்கள். எது போதும்? ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு நேரம் வரும்?" என்பது அவர் கேள்வி.

தம்பி, நீங்கள் சொன்ன மூன்று இடத்தில் இரண்டுக்கு அம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, தேவையே இல்லை. அறையில் ஹெட்போன் போதும். கோவிலில் மிக்ஸர் இருக்கும், அதற்குள் நேரே போகலாம். மொட்டைமாடிக்குத்தான் அம்ப் வேண்டும். ஆகவே மாடியை மட்டும் மனதில் வைத்துத் தேடுங்கள், தெரிவு பாதி சுலபமாகிவிடும்.

முதலில் அந்த வாட் கணக்கு. 5 வாட்டிலிருந்து 10 வாட்டுக்குப் போனால் சத்தம் இரண்டு மடங்காகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் கூடுவது சத்தத்தை அளக்கும் கணக்கில் 3 டெசிபெல், காதுக்குக் 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று படும் அளவு. இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 3, 5, 10 என்று அட்டைப் பெட்டியில் இருப்பதற்காகக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

பேஸுக்கு முக்கியம் ஸ்பீக்கரின் பரப்பு. உங்கள் தடித்த E தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 41 தடவை, அதிர்கிறது. A 55, D 73, G 98. ஒரு ஸ்பீக்கர் ஒரே அளவு சத்தத்தை ஒரு ஒக்டேவ் கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில், தர வேண்டுமென்றால் அதன் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சின்னக் கூம்புக்கு அவ்வளவு தூரம் போக இடமில்லை. ஒருநாள் மூன்று அங்குல ஸ்பீக்கர் உள்ள அம்ப் ஒன்றின் முன்வலையைக் கழற்றி வைத்துவிட்டு E தந்தியை ஓங்கித் தட்டிப் பாருங்கள். கூம்பு துடித்துக்கொண்டு வெளியே பாயும், ஆனால் காதுக்கு வருவது 'டொக்' என்ற ஒரு சத்தம்தான். G தந்திக்கு வந்தால் அதே கூம்பு அசைவதே தெரியாது, சுரம் மட்டும் தெளிவாகக் கேட்கும். இதைக் கண்ணால் ஒருதடவை பார்த்தவர் பிறகு வாட்டைப் பற்றிக் கேட்க மாட்டார்.

கடையில் நின்றபடியே மனக்கணக்காகப் போட ஒரு வழி சொல்கிறேன். ஸ்பீக்கரின் அங்குலத்தை அதே எண்ணால் பெருக்குங்கள், பிறகு எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ அதனால் பெருக்குங்கள். பொசிட்டிவ் கிரிட் கம்பனியின் 'ஸ்பார்க் கோ' அம்பில் ஒரே ஒரு இரண்டு அங்குல ஸ்பீக்கர்: 4. பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 பேஸில் ஒரு மூன்று அங்குலம்: 9. பொஸ் டூவல் கியூப் பேஸ் எல்எக்ஸில் இரண்டு ஐந்து அங்குலம்: 50. ரோலண்ட் மைக்ரோ கியூப் பேஸ் ஆர்எக்ஸில் நாலு நாலங்குலம்: 64. அதாவது ஒரு எட்டு அங்குல ஸ்பீக்கருக்குச் சமமான பரப்பு. இதில் ஸ்பார்க் கோவும் 5 வாட்தான், மைக்ரோ கியூப் பேஸும் 5 வாட்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் இரண்டும் ஒரே வாட் என்று யாரும் நம்பமாட்டார்கள். பெட்டியின் அளவு, அது அடைப்பா துளையுள்ளதா என்பதெல்லாம் சேரும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகும். ஆனாலும் கஹோனோடு வாசிக்க 50க்குக் கீழே இருப்பதை நான் சொல்லமாட்டேன். 9 எண்ணுள்ளது கட்டிலில் இருந்து விரல் பழக நல்ல பெட்டி. மாடிக்குக் கொண்டுபோனால் கஹோனின் முதல் அடியிலேயே காணாமல் போகும்.

சரி, 64 இருந்தாலும் 41 ஹெர்ட்ஸ் வருமா? பெரிதாக வராது. ஆனால் E சுரத்தோடு 82, 123 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன, அவற்றைக் கேட்டதும் அடியில் இருக்க வேண்டிய சுரத்தை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. சின்ன அம்பில் பேஸ் கேட்பதே இதனால்தான். அதனால் அம்பில் தாழ்ந்த சுரங்களைக் கூட்டும் பேஸ் குமிழைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். 6 டெசிபெல் கூட்டினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு பவர் போகிறது. அத்தனையும் கூம்பை வீணாக ஆட்டுவதற்கும் பற்றரியைக் குடிப்பதற்கும்தான். நடுத்தரச் சுரங்களுக்கான மிட் குமிழை ஏற்றுங்கள். தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோல இருக்கும். கிட்டாரும் கஹோனும் சேர்ந்ததும் உங்கள் ஒவ்வொரு சுரமும் துலக்கமாகக் கேட்கும். பைலா தாளத்துக்கு வாசிக்கும்போது இது இன்னும் தேவை, அங்கே நீளமான சுரத்தைவிடக் கட்டையாக வெட்டி வாசிக்கும் சுரம்தான் ஆட்டத்தைத் தாங்குகிறது.

இனி பற்றரி. இதில் பட்டுத்தான் படித்தேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள் வந்தது நினைவிருக்கும். அப்போது நான் பக்கத்துக் கடையில் கிடைத்த மலிவான ஏஏ பற்றரிகளை ஆறாறாக வாங்கிப் போட்டு வாசித்தேன். D, G தந்திகள் நன்றாகத்தான் இருந்தன. E தந்தியைத் தொட்டதும் அம்பின் சிவப்பு லைட் ஒரு கணம் மங்கி மீளும், சுரம் நடுவில் பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல இருக்கும். அம்ப் பழுதென்று கழற்றிப் பார்த்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பற்றரிகள் கார்பன் சிங்க் வகை. சுவர் மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் போதும். பேஸின் தாழ்ந்த சுரம் ஒரே இழுப்பில் கேட்கும் மின்னோட்டத்தை அவற்றால் தர முடியாது, வோல்டேஜ் விழுந்துவிடும். ஆல்கலைன் பரவாயில்லை, ஆனால் வாராவாரம் வாங்கினால் மாதச் செலவு கையைக் கடிக்கும்.

ஏஏ போடும் அம்ப் என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் சார்ஜபிள் பற்றரிதான் வாங்க வேண்டும். எனலூப் போல, சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத வகை. அதில் 1.2 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆல்கலைன் 1.5இல் தொடங்கினாலும் வாசிக்க வாசிக்கச் சரிந்துகொண்டே போகும், இது கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஆனாலும் அம்பின் கையேட்டில் இவ்வகைப் பற்றரிக்கு அனுமதி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நேரக் கணக்கு இது: 2000 மில்லிஅம்பியர் மணி உள்ள ஆறு பற்றரியில் ஏறக்குறைய 14 வாட்மணி சக்தி இருக்கும். சராசரியாக இரண்டு வாட் இழுக்கும் அம்ப் அதில் ஏழு மணித்தியாலம் ஓட வேண்டும். சத்தத்தை முழுதாக ஏற்றினால் பாதிகூட வராது. கம்பனிகள் அட்டையில் எழுதும் மணிக்கணக்கு அமைதியாக வாசிக்கும்போது வருவது. மாடிக்கு அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளேயே லித்தியம் பற்றரி வைத்த அம்பும் வசதிதான், பலவற்றுக்குப் போன் சார்ஜர் போதும். ஆனால் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வெயில் படும் ஜன்னல் ஓரத்திலோ பூட்டிய காருக்குள்ளோ வைத்தால் ஆயுள் வேகமாகக் குறையும். அப்புறம் பற்றரி செத்தால் மாற்ற உதிரி கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும். ஏஏ அம்பில் அந்தக் கவலை இல்லை, அதனால் எனக்கு ஏஏதான் பிடிக்கும். உங்கள் அறை கடலுக்குக் கிட்ட இருப்பதால் பற்றரி போடும் குழியின் ஸ்பிரிங் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு வாரம் வாசிக்கப் போவதில்லை என்றால் பற்றரிகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

விலை கைக்கு எட்டாவிட்டால் ஒரு மாற்று இருக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் சில்லு வைத்து இழுத்துப்போகும் ட்ரொலி ஸ்பீக்கர்களைப் பார்த்திருப்பீர்கள். பிறந்தநாள் வீட்டில் மைக் பிடிக்கும் அதே பெட்டிதான். அதில் எழுதியிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்டை மறந்துவிடுங்கள், உள்ளே எட்டோ பத்தோ அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நம் கணக்கில் அது 64, 100. பலவற்றில் 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி இருக்கும். அது 4.5 அம்பியர் மணி என்றால் 54 வாட்மணி, ஒரு சனிக்கிழமைக்குத் தாராளம். குறைகளும் உண்டு. நேரே பேஸைச் செருகினால் சத்தம் போர்வை போர்த்தியதுபோல மந்தமாகும், ஏனென்றால் பல பெட்டிகளின் வாய் பேஸ் பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதிக்கு) ஏற்றதல்ல. நடுவில் ஒரு ஹெட்போன் அம்பை (பேஸை ஹெட்போனில் கேட்க வைக்கும் சின்னக் கருவி) வைத்து அதிலிருந்து, போன் பாட்டைக் கொடுக்கும் ஓக்ஸ் வாய்க்குக் கொடுத்தால் துலங்கும். சில பெட்டிகளில் ஓக்ஸ் வாயிலேயே சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், அதைச் சோதித்துவிட்டு வாங்குங்கள். ஈய அமிலப் பற்றரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டால் மீளாது.

அறைக்கு வருவோம். வொக்ஸ் அம்ப்ப்ளக் பேஸ் போல, கிட்டாரின் வாயிலேயே செருகும் ஹெட்போன் அம்ப் ஒன்று இரண்டு ஏஏஏ பற்றரியில் ஓடும். காதை முழுதாக மூடும் வயர் ஹெட்போன் ஒன்றும் இருந்தால், எந்தச் சின்ன அம்பிலும் வராத அந்த 41 ஹெர்ட்ஸ் உங்கள் காதுக்குள் வந்துவிடும். வயர் என்று அழுத்திச் சொல்கிறேன். புளூடூத் ஹெட்போனில் சத்தம் 100 முதல் 200 மில்லிசெக்கன் வரை பிந்தும். நிமிடத்துக்கு 120 வேகத்தில் ஒரு அடியின் கால் பங்கு 125 மில்லிசெக்கன், அதாவது நீங்கள் ஒரு கால் தாளம் பிந்தித்தான் உங்களையே கேட்பீர்கள். பாட்டைப் போனிலிருந்து புளூடூத்தில் அம்புக்கு அனுப்பி அதோடு சேர்ந்து வாசிப்பதில் பிரச்சினை இல்லை. உங்கள் சொந்தச் சுரம் அந்த வழியால் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அறையில் எப்போதாவது அம்பைப் போட்டால் தரையில் வைக்காதீர்கள். மூலையில் தரையோடு வைத்தால் பேஸ் கூடிக் கேட்கும் என்பது சரிதான், ஆனால் அந்த அதிர்வு தளத்தின் வழியே கீழ் வீட்டுக்குள் இறங்கும். அந்த வயதானவர்களுக்கு நம் பாட்டு கேட்காது, 'ம்ம்ம்' என்ற உறுமல் மட்டும்தான் கேட்கும். தடித்த ஸ்பொஞ்ச் துண்டு ஒன்றின் மேல், கதிரையில், காது மட்டத்துக்கு வையுங்கள். சத்தத்தைப் பாதி குறைத்தாலும் உங்களுக்குப் போதும். மொட்டைமாடியில் இதற்கு நேர்மாறு: சுவரோரம், தரையில். வெளியில் மேல் கூரையும் இல்லை, நாலு பக்கச் சுவரும் இல்லை, கிடைக்கிற ஒரு சுவரை விடாதீர்கள்.

கோவிலுக்கு ஒரு டிஐ பெட்டி, அதாவது பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி, போதும். பேஸிலிருந்து அதற்குள், அதிலிருந்து மைக் வயரில் மிக்ஸருக்கு. பல கோவில்களில் மிக்ஸரோடு ஒன்று கிடக்கும், சவுண்ட் பார்க்கும் அண்ணாவிடம் முதலில் கேளுங்கள். அங்கே முழு டிரம் செட் இருந்தால் பற்றரி அம்பைத் தூக்கிக்கொண்டு போவதே வீண்.

ஆகவே வரிசை இப்படி: இந்த மாதம் ஹெட்போன் அம்பும் வயர் ஹெட்போனும். காசு சேர்ந்ததும் மாடிக்கு 50 அல்லது அதற்கு மேல் கணக்கு வரும் பெட்டி. வாங்கப் போகும்போது உங்கள் பேஸையும் உங்கள் வயரையும் கையோடு கொண்டுபோங்கள், கடைக் கிட்டாரில் சோதிக்க வேண்டாம். அடப்டரைக் கழற்றச் சொல்லிப் பற்றரியில் மட்டும் ஓட விடுங்கள். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, சத்தத்தை முக்கால் பங்குக்கு ஏற்றி, E தந்தியின் மூன்றாம் கட்டையில் G சுரத்தை அழுத்தி நாலு தாளம் நிற்க விடுங்கள். கடகடப்போ பிசிறோ வந்தால், லைட் மங்கினால், அது உங்கள் மாடிக்கு ஆகாது. பிறகு பேஸை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பத்தடி தள்ளிப் போய் நின்று கேளுங்கள், கஹோன்காரர் இருக்கும் தூரம் அதுதான். பற்றரி போட்டுக் காட்டக் கடைக்காரர் மறுத்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.