புவிப்பூங்கா வந்தால் முருகைக்கல் (பவளப்பாறை) பிழைக்குமா? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நிலாவெளிப் படகோட்டி: திருகோணமலையைப் புவிப்பூங்கா என்று அறிவித்தால் புறாத்தீவுக்குப் போகவிடாமல் எங்களைத் தடுப்பார்களா?

மாட்டார்கள். உலக அளவில் சிறப்பான பாறையும் நிலவடிவமும் உள்ள, மக்கள் குடியிருந்து தொழில் செய்யும் பரப்பைத்தான் யுனெஸ்கோ புவிப்பூங்காவாக ஏற்கிறது. புறாத்தீவில் இன்றுள்ள கட்டுப்பாடுகள், 2003இல் அது தேசிய பூங்காவானதால் வந்தவை.

மூதூர் ஆசிரியை: கல்லையும் மண்ணையும் காப்பதற்கும், காலநிலை மாறும்போது உயிரினங்கள் பிழைப்பதற்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. வெப்பம் கூடினால் உயிரினங்கள் இடம் மாறும்; நிலத்தின் அமைப்பு அவ்வளவு விரைவில் மாறாது. கூத்தர்கள் மாறினாலும் களரி இருந்தால் அடுத்த கூத்து நடக்கும் அல்லவா? பலவகை நிலம் இருந்தால் பலவகை உயிர் தங்கும். நம்மிடம் கோணேசர் மலையின் செங்குத்துப் பாறை, கன்னியா வெந்நீரூற்று, மகாவலி கொட்டியாரக் குடாவில் கொட்டும் வண்டல், துறைமுகத்துக்கு அருகிலேயே ஆழத்துக்கு இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கண்டல் காட்டையே பாருங்கள். கடல் ஏற ஏற அது கரைப்பக்கம் நகர்ந்து முளைக்க வேண்டும். பின்னால் மதிலோ வீதியோ எழும்பிவிட்டால், ஒரு மரத்தைக்கூட வெட்டாமலே காடு மூழ்கிப்போகும். ஆகவே மரத்தோடு சேர்த்து, அது நாளை போகவேண்டிய வெற்று நிலத்தையும் காக்க வேண்டும். புவிப்பூங்கா என்ற எண்ணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உப்புவெளி மாணவன்: வெளிறும் முருகைக்கல்லை அது காப்பாற்றுமா?

வெப்பத்திலிருந்து காப்பாற்றாது. கடல்நீரின் வெப்பம் கோடைகால உச்சத்தைவிட 1 பாகை செல்சியஸ் கூடி, சில வாரம் அப்படியே நீடித்தால், முருகை தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றி வெளிறிவிடும். 1998இலும் 2016இலும் இந்துசமுத்திரமெங்கும் இது நடந்தது. நுண்பாசி திரும்பினால் முருகை தேறும். அதற்கு வேறு காயம் இருக்கக்கூடாது. புறாத்தீவில் இறங்கும் கரையிலேயே விரல் நீள முருகைத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. நீர் வற்றிய நேரத்தில் உயிருள்ள முருகைமீது ஏறி நிற்கும் ஒவ்வொரு காலும் அந்தக் குவியலைக் கூட்டுகிறது. இதைத் தடுக்க நம்மால் முடியும், நாளையே தொடங்கலாம்.

புல்மோட்டை வாசகர்: கனிம மணல் அகழ்வு நின்றுவிடுமா?

தானாக நிற்காது. யுனெஸ்கோ பெயருக்குச் சட்ட வலு இல்லை. முக்கிய நிலவியல் இடங்களை நாட்டின் சட்டமே காக்க வேண்டும்.

நகர வாசகி: பெயர் வாங்கியபின் கைவிட்டால்?

4 ஆண்டுக்கு ஒருமுறை மீளாய்வு உண்டு. குறையிருந்தால் மஞ்சள் அட்டையும் 2 ஆண்டு அவகாசமும். திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை, பெயர் போய்விடும். இலங்கையில் இன்னும் ஒரு யுனெஸ்கோ புவிப்பூங்காகூட இல்லை. விண்ணப்பிக்கும் முன்பே புறாத்தீவுக் கரையில் கண்காணிப்பாளர்களை நிறுத்தட்டும்.