பிள்ளை புத்தகத்தைக் கிழிக்கிறான், நூலகத்துக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நான்கு. டவுன் நூலகத்தில் எடுத்த படக்கதைப் புத்தகத்தில் மகன் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டான். செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. "பெரிய பிள்ளையாகட்டும், அதுவரை புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டு" என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

பதில்: பூட்டாதீர்கள் அம்மா. புத்தகத்தைப் பிடித்துப் பிடித்துத்தான் நான்கு வயதுக் கை பழகும். நூலகவியலுக்கு ஐந்து விதிகளை 1931-இல் வகுத்துத் தந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத்தான் முதல் விதியாக வைத்தார்.

முதலில் கிழிந்த புத்தகத்தைக் கவனிப்போம். செலோடேப்பின் பசை நாளாக ஆக மஞ்சளாகும், கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். அதற்காக இப்போது அதைப் பிய்த்தெடுக்க வேண்டாம், அச்சும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். அப்படியே கொண்டுபோய் நூலகரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். இழப்பீடு கேட்டால் கட்டிவிடுங்கள். மகனும் பக்கத்தில் இருக்கட்டும்; "நீயே சொல்லு" என்று அவனை முன்னே தள்ள வேண்டாம். அம்மா உண்மையைச் சொல்வதை அவன் பார்த்தால் போதும். கிழிக்கும் பிள்ளையைச் சுலபமாகப் பழக்கிவிடலாம். அடிக்குப் பயந்து கிழிந்த தாளை மெத்தைக்கு அடியில் ஒளிக்கப் பழகிய பிள்ளையோடுதான் மிகவும் பாடுபட வேண்டியிருக்கும்.

அடுத்து, அவன் எப்படிக் கிழிக்கிறான் என்று உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் குறும்பு இருக்காது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தின் கீழ்ப்பகுதியை, அதுவும் தைத்த ஓரத்துக்குக் கிட்டே, முழுக்கையால் அள்ளித் திருப்புவார்கள். தாள் அங்கேதான் கிழியும். வலப்பக்க மேல்மூலையில் ஆள்காட்டி விரலை நுழைத்து, தாளுக்கு அடியில் மெல்ல வழுக்கித் திருப்பக் காட்டிக்கொடுங்கள். பழைய நாட்காட்டி ஒன்றைக் கொடுத்து விளையாட்டாகவே பழக்கலாம். விரலில் எச்சில் தொட்டுத் திருப்புவதைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். ஆகவே வீட்டில் பெரியவர்களும் அதை நிறுத்த வேண்டும். கனமான அட்டைப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் படிக்க அவனுக்குத் தெம்பு இருக்காது. பாயில் உட்காரவைத்து மடியில் விரித்துக் கொடுங்கள்.

உங்கள் மாமியாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. அவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் பட்டால் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தை அவரே பேரனுக்குச் சொல்லித் தரட்டும். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களைத் துடைத்து அடுக்கும் வேலையில் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளட்டும். மறுநாள், விஜயதசமியன்று, அவற்றை எடுத்துப் படிக்கவைப்பதும் அதே பழக்கத்தில் சேர்ந்ததுதானே! மரியாதை என்றால் தொடாமல் வைப்பது என்று மட்டும் பிள்ளை புரிந்துகொள்ளக் கூடாது.

நூலகத்தில் முதல் சில தடவை இருபது நிமிடம் போதும். பசியாறிவிட்டு, ஒன்றுக்குப் போய்விட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போகட்டும். "சத்தம் போடாதே" என்றால் நான்கு வயதுக்குப் புரியாது. எவ்வளவு சத்தம் பேசலாம் என்பதை வீட்டிலேயே பேசிக் காட்டுங்கள். அழுதாலோ ஓடினாலோ திட்டாமல் வெளியே கூட்டிவந்து, கொஞ்சம் அடங்கியதும் திரும்பப் போங்கள்.

அடுக்கிலிருந்து எடுக்கும்போது முதுகின் மேல்நுனியைப் பிடித்து இழுத்தால் அட்டை பிய்ந்துவிடும். இருபுறமும் உள்ள புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளி, நடுமுதுகைப் பிடித்து எடுக்க வேண்டும். இதை உங்கள் மகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வாள். முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணையும் அவளுக்குக் காட்டுங்கள். டூவி முறையில், அதாவது ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் கொடுத்து, அடுக்கிய நூலகமென்றால் நாட்டுப்புறக் கதைகள் 398.2-இல் இருக்கும், தமிழ் இலக்கியம் 894.811-இல். பார்த்து முடித்த புத்தகத்தைத் தானே அடுக்கில் செருகாமல் மேசையிலோ தள்ளுவண்டியிலோ வைக்கச் சொல்லுங்கள். இடம் மாறிப்போன புத்தகம் நூலகத்திலேயே இருந்தாலும், தேடி வருகிறவருக்கு அது தொலைந்த மாதிரிதான்.

வீட்டில் புத்தகத்துக்குப் பெரிய பகை நம் ஊர் ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கக்கூடும். நமக்கோ பல நாள் 80-ஐத் தொடும். அதனால் மூடிய அலமாரியைவிட, காற்றோட்டமுள்ள திறந்த தட்டு நல்லது. சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது புத்தகம் பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். வீடு வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். மைலோ குவளையும் பிஸ்கட்டும் பக்கத்தில் வேண்டாம், துணுக்கு சிந்தினால் கரப்பான் வந்துவிடும்.

மழையில் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்துவிடும். படக்கதைப் புத்தகங்களில் பெரும்பாலும் வழவழப்பான தாள். ஒட்டியபடியே காய்ந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே மெல்லப் பிரித்து, இடையிடையே வெள்ளை டிஷ்யூ வைத்து, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். டிஷ்யூ ஊறிவிட்டால் மாற்றுங்கள். உடனே செய்ய நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைபெட்டியில் வைக்கலாம், அதுவரை பூஞ்சணம் பரவாது. அது நூலகப் புத்தகமென்றால் அன்றே நூலகருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.