கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு முக்காலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விஸ்காம் கடைசி வருஷம் படிக்கிறேன். எங்கள் பக்கம் எல்லாரும் ஃபுட்பால் பைத்தியம், நானும்தான். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப் ஏதாவது ஒன்றில் போட்டோகிராபி இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. மூன்று கிளப்புகளுக்கு மெயில் போட்டேன், ஒரு பதிலும் இல்லை. என்னிடம் கேமராவோடு வந்த கிட் லென்ஸும் ஒரு 55-250 ஜூம் லென்ஸும்தான் இருக்கின்றன. பெரிய லென்ஸ் இல்லாததால்தான் கூப்பிடவில்லையா?
*- வாசகர், நாகர்கோவில்*

பதில்: லென்ஸ் காரணமாக இருக்காது. மெயிலில் என்ன அனுப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. கல்யாண ரிசப்ஷன், இலையில் மழைத்துளி, கருப்பு வெள்ளையில் ஒரு பாட்டி, கடைசியில் போனால் போகட்டும் என்று இரண்டு ஃபுட்பால் படம். நானும் என் காலத்தில் இதையேதான் அனுப்பினேன். கிளப்பின் மீடியா அறையில் இருப்பதே மூன்று நான்கு பேர், அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பையனை ஒரு மேட்ச்சுக்கு அனுப்பினால் அன்று ராத்திரியே போடக்கூடிய மாதிரி இருபது படம் வருமா, வராதா? அதனால் ஒரே ஒரு மேட்ச்சை முழுசாக எடுத்து அனுப்புங்கள். ஆட்கள் பூட்ஸ் கயிறு கட்டுவதில் ஆரம்பித்து, கோல், சண்டை, ரெஃப்ரியிடம் கெஞ்சல், முடிந்ததும் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆள் வரை பதினைந்து படம், ஒவ்வொன்றுக்கும் கீழே யார், எங்கே, எந்த நிமிஷம் என்று ஒரு வரி.

இதற்கு நீங்கள் இருக்கும் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது. தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஃபுட்பால் எப்படி ஊறிக் கிடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சென்னையில் இருந்திருந்தால் வியாசர்பாடிக்குப் போகச் சொல்லியிருப்பேன். சாயங்காலம் நான்கு மணி வெயிலில் உங்கள் 55-250 தாராளமாகப் போதும், ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 400-லேயே 1/1000 வினாடி ஷட்டர் கிடைத்துவிடும். அந்த லென்ஸ் திணறுவது ராத்திரி மேட்ச்சில்தான், அதற்குக் கிளப்பிலேயே வெளிச்சம் அதிகம் வாங்கும் ஒரு 70-200 லென்ஸ் இருக்கும், அல்லது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஐ.எஸ்.எல். என்றே ஏன் அடம்பிடிக்க வேண்டும்? பெண்கள் லீக் இருக்கிறது. நம்ம ஊர் சேது எஃப்.சி. 2018-19 சீசனில் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்த அணி. பெண்கள் மேட்ச்களில் மைதானத்தின் ஓரத்தில் கேமராக்கள் குறைவு, அங்கே உங்களைத் துரத்த மாட்டார்கள், தேடுவார்கள். அப்புறம், சீசன் நடுவில் மெயில் போடாதீர்கள், யாருக்கும் படிக்க நேரம் இருக்காது. சீசன் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால், பொது முகவரிக்கு இல்லாமல் மீடியா மேனேஜர் யார் என்று தேடிப் பிடித்து அவருக்கே எழுதுங்கள்.

கேள்வி: இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது சார், இரண்டு மேட்ச்சும் எடுத்துவிட்டேன். முதல் மேட்ச்சில் 2,400 படம், தேறியது ஒன்பது. பாதி ஷேக், சிலது இருட்டு, சிலது மஞ்சள், மீதியெல்லாம் முதுகு. கூட இருக்கும் சீனியர் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?
*- வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: 2,400-க்கு ஒன்பது என்பது முதல் மேட்ச்சுக்கு மோசமில்லை. எனக்கு நான்கு தேறியது.

செட்டிங்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஷட்டர் 1/1000-க்குக் கீழே இறங்கவே கூடாது, லென்ஸ் எஃப் 2.8-இல் முழுசாகத் திறந்திருக்கட்டும், ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று எங்கே போனாலும் போகட்டும். படத்தில் புள்ளி தட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள், ஷேக் ஆன படத்தை யாராலும் காப்பாற்ற முடியாது. இருட்டும் மஞ்சளும் உங்கள் தப்பு இல்லை: நம்ம ஊர் மின்சாரத்தில் பழைய ரக ஃப்ளட்லைட் வினாடிக்கு நூறு தடவை மங்கித் தெளியும், அது கண்ணுக்குத் தெரியாது, 1/1000-இல் ஓடும் கேமராவுக்குத் தெரியும். மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் என்று இருக்கிறதா பாருங்கள். ஒயிட் பேலன்ஸையும் (படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்) ஆட்டோவில் விடாமல் வார்ம்-அப் நேரத்திலேயே ஒரு எண்ணில் கட்டிப்போடுங்கள்.

முதுகு விஷயம் வேறு. அது கேமராவில் இல்லை, நீங்கள் உட்காரும் இடத்தில் இருக்கிறது. பத்திரிகைக்காரருக்கு இரண்டு அணியும் ஒன்று, உங்களுக்கு அப்படியில்லை. உங்கள் அணி எந்தக் கோலை நோக்கி ஓடுகிறதோ அந்தக் கோல் லைனுக்குப் பின்னால், விளம்பரப் பலகைக்கு அந்தப் பக்கம், கார்னருக்கும் போஸ்ட்டுக்கும் நடுவில் உட்காரும் முக்காலியைப் போடுங்கள். ஓடி வரும் ஸ்ட்ரைக்கரின் முகம் நேராக உங்களைப் பார்த்து வரும். இடைவேளையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த கோலுக்கு நடையைக் கட்டுங்கள். நின்றுகொண்டு எடுக்காதீர்கள், நின்று எடுத்தால் பின்னணி முழுக்கப் புல்தான், உட்கார்ந்து எடுத்தால் ஆள் உயரமாகத் தெரிவான், பின்னால் கேலரி வரும். சென்னை நேரு ஸ்டேடியம் மாதிரி சுற்றி ஓடுகளம் இருக்கும் மைதானங்களில் கேலரி தள்ளிப்போய்விடுவதால் பின்னணி அழகாகக் கரையும், அது ஒரு வசதி.

சரி, பந்து எங்கோ இருக்கிறது என்றால்? பந்தைப் பார்த்த பிறகு விரலை அமுக்கினால் பந்து போய்விட்டிருக்கும். மைதானம் 105 மீட்டர் நீளம், எல்லாவற்றையும் துரத்த முடியாது. யார் என்ன செய்வான் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், அது மேட்ச்சில் தெரியாது, ட்ரெய்னிங்கில்தான் தெரியும். இன்டர்ன்ஷிப்பின் உண்மையான லாபமே இதுதான் என்பது என் கட்சி. வெளியிலிருந்து வரும் போட்டோகிராபருக்கு தொண்ணூறு நிமிஷம் கிடைக்கிறது, உங்களுக்கு வாரத்தில் நான்கைந்து காலை. லெஃப்ட் விங்கில் ஓடும் பையன் கோட்டோடு போவானா, உள்ளே வெட்டி வலது காலால் அடிப்பானா? கார்னர் வந்தால் எந்த டிஃபென்டர் முதலில் எகிறுவான்? கோல் போட்டால் யார் கோச் இருக்கும் பெஞ்சுக்கு ஓடுவான், யார் ரசிகர்களிடம் ஓடுவான்? கேமராவை பையில் வைத்துவிட்டு ஒரு வாரம் இதை மட்டும் பாருங்கள். மூன்றாவது மேட்ச்சில் 900 படம்தான் எடுப்பீர்கள், அறுபது தேறும்.

ட்ரெய்னிங்கில் ஒரு ஜாக்கிரதை. மேட்ச்சுக்கு முந்தின நாள் கோச் ஃப்ரீகிக் பழக்குவதையும், காலில் ஐஸ் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஆளையும் உங்கள் இன்ஸ்டாவில் போட்டால் எதிரணி கோச் நன்றி சொல்வார். அன்றோடு உங்கள் வேலை போகும். அதேபோல தோற்றுப்போய் அழுகிறவன் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் லென்ஸை நீட்டாதீர்கள். நாளைக் காலையும் அவன் முகத்தில் முழிக்க வேண்டியது நீங்கள்தான். தள்ளி நின்று, லென்ஸை 200-க்கு ஜூம் செய்து ஒரு படம் எடுத்துவிட்டு கேமராவை இறக்கிவிடுங்கள், போதும்.

உங்கள் சீனியருக்கு வருகிறேன். என் சீனியரும் ஊமைதான். என் இரண்டாவது மேட்ச்சில் 88-ஆவது நிமிஷம் வெற்றி கோல், போட்டவன் நேராக என்னை நோக்கி ஓடி வருகிறான், நான் தலையைக் குனிந்து கேமரா திரையில் முந்தின படம் ஷார்ப்பா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தது ஒரு ஷூ மட்டும். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த மேட்ச்சுக்கு ஒரு கருப்பு டேப்பைக் கொண்டுவந்து என் கேமராவின் திரைமேல் ஒட்டிவிட்டுப் போனார்.

உங்கள் சீனியரிடம் கேட்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், முக்கியமாக இடைவேளையில். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அவர் லேப்டாப்பில் செய்வதுதான் பாடம்: நானூறு படத்தை ஓட விட்டு ஐந்தை மட்டும் குறித்து, வெட்டி, நேராக்கி, கேப்ஷன் போட்டு, சோஷியல் மீடியா ஆள் கத்துவதற்குள் அனுப்பிவிடுவார். ஃபோட்டோ மெக்கானிக் என்ற சாஃப்ட்வேரை அவர் வைத்திருந்தால் அதில் ஜெர்சி நம்பரை அடித்தால் முழுப்பெயர் தானாக வருகிற மாதிரி பட்டியல் ஏற்றியிருப்பார். அந்தப் பட்டியலை ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னால் தயார் செய்யும் வேலையை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள், யாருக்கும் பிடிக்காத வேலை, உடனே கொடுத்துவிடுவார். இரண்டு அணிப் பெயர்களும் ஒரே மாதத்தில் மனப்பாடம் ஆகும்.

கேப்ஷன் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தால் ஒரு படத்தைத் தேடிப் பாருங்கள். 1982 உலகக் கோப்பையின் முதல் மேட்ச், பார்சிலோனாவில் அர்ஜென்டினாவும் பெல்ஜியமும். ஸ்டீவ் பவல் எடுத்தது. மரடோனா காலில் பந்து, எதிரே ஆறு பெல்ஜியக்காரர்கள் மிரண்டு நிற்கிறார்கள். ஒருத்தனைத் தடுக்க ஆறு பேர் என்றுதான் பார்க்கிற எல்லாருக்கும் தோன்றும். நடந்தது ஒரு ஃப்ரீகிக்: அதே அணியின் ஆர்டிலஸ் பந்தைப் பக்கவாட்டில் மரடோனாவிடம் தட்டிவிட, சுவராக நின்ற ஆறு பேரும் அப்போதுதான் கலைகிறார்கள். மேட்ச்சில் ஜெயித்தது பெல்ஜியம், 1-0. படம் மகா படம்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் கீழே அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அது வேறு கதையைச் சொல்லிக்கொண்டு திரியும்.

கேள்வி: கேமரா நன்றாக வரும், ஆஃப்சைட் என்றால் என்னவென்றே தெரியாது. கிளப்பில் சேர அது போதுமா?
*- வாசகி, திண்டுக்கல்*

பதில்: போதாது. கோல் விழுந்தது என்று எல்லாரும் துள்ளும்போது லைன்ஸ்மேன் ஆஃப்சைடுக்கு (பந்து வருமுன்னே எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்கும் தப்பு) கொடி தூக்கியிருக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்க்கத் தெரியாதவர், செல்லாத கோலுக்கு வெற்றிக் கேப்ஷன் எழுதி அனுப்பிவிடுவார். ஆனால் இதைக் கற்க இரண்டு மாதம் போதும், கேமராவைக் கற்க ஆன காலத்தில் கால்வாசிகூட ஆகாது. விளையாடத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்ச் பாருங்கள், கேள்வி கேட்டு அவரைத் தொந்தரவு செய்யுங்கள்.

கேள்வி: என் மகள் ஒரு கிளப்பில் மூன்று மாத போட்டோ இன்டர்ன். சம்பளம் கிடையாது. அவள் எடுத்த படங்களைக் கிளப் பக்கத்தில் போடுகிறார்கள், பேர் போடுவதில்லை. அந்தப் படங்கள் யாருக்குச் சொந்தம்? ராத்திரி வீட்டுக்கு வர பன்னிரண்டு ஆகிறது, அதுவும் கவலை.
*- ஒரு தாய், சென்னை*

பதில்: அம்மா, முதலில் பன்னிரண்டு மணி. ஏழரைக்கு ஆரம்பிக்கும் மேட்ச் முடியவே ஒன்பதே கால் தாண்டும், அதன்பிறகுதான் படங்களைப் பிரித்து அனுப்பும் வேலை, அதனால் நேரம் பொய்யில்லை. ஆனால் மேட்ச் நாளில் வீட்டுக்கு வண்டி ஏற்பாடு செய்து தருவது கிளப்பின் பொறுப்பு என்றுதான் நான் சொல்வேன். சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

சொந்தம் யாருக்கு என்பது அவள் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி படம் எடுத்தவரே முதல் உரிமையாளர். வேலை ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக எடுத்தாலோ, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னாலோ, வேறு ஏற்பாடு இல்லாதவரை உரிமை அவர்களுக்குப் போய்விடும். சம்பளமே இல்லாத இன்டர்ன் இதில் எங்கே நிற்கிறாள் என்பது வாதத்துக்கு உரியது. ஆனால் உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று 19-ஆவது பிரிவு சொல்கிறது. சேரும்போது அனுப்பிய கடிதத்தில் அப்படி ஒரு வரி இருக்கவும் கூடும், சின்னப் பிள்ளைகள் சந்தோஷத்தில் படிக்காமல் போட்டுவிடுவார்கள்.

உரிமைக்காகச் சண்டை போடச் சொல்ல மாட்டேன், மூன்று மாதத்தில் அதனால் வரும் பணம் ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவை வேறு: தன் போர்ட்ஃபோலியோவில் அந்தப் படங்களை வைக்க எழுத்தில் அனுமதி, படத்துக்குக் கீழே பேர், போக்குவரத்து, சாப்பாடு. மூன்று மாதம் சம்பளமில்லாமல் கற்பது சரி, இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கிறோம், அதே ஏற்பாடு என்றால் அதற்குப் பேர் இன்டர்ன்ஷிப் இல்லை, ஓசி வேலை. இன்றைக்கே அந்தக் கடிதத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், அவள் மெயிலில்தான் எங்காவது கிடக்கும்.