முதுகுத்தண்டு ஸ்கேன் யாருக்குத் தேவை? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் தாயாருக்கு 52 வயது, நடவு வேலைக்குச் செல்பவர். குறுவை நடவு முடிந்ததிலிருந்து மூன்று வாரங்களாக அவருக்கு இடுப்பு வலி இருக்கிறது. இடது காலின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. எக்ஸ்ரேயைப் பார்த்து, "லேசான தேய்மானம்தான்" என்று சொல்லிவிட்டார்கள். தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று எம்.ஆர்.ஐ. எடுத்துவிடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். எடுக்கலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் ஜவ்வையும், அதை ஒட்டி இறங்கும் நரம்பையும் காட்டாது. ஆகவே "தேய்மானம்தான்" என்ற அந்த ஒரு சொல் உங்கள் தாயாரின் கால்வலிக்கு விளக்கமாகிவிடாது. இப்படிக் காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலும், இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவிலோ, ஐந்தாம் முள்ளெலும்புக்கும் அதன் கீழுள்ள திருவெலும்புக்கும் நடுவிலோ உள்ள ஜவ்வு பிதுங்கி, நரம்பின் வேரை அழுத்துவதால் உண்டாகிறது. நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் சுமை அதிகம் விழுகிறது.

எம்.ஆர்.ஐ. அதைத் தெளிவாகக் காட்டும் என்பது உண்மையே. வலிமையான காந்தப் புலத்தில் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞையிலிருந்து படம் உருவாவதால், நீர் நிறைந்த நல்ல ஜவ்வு வெண்மையாகவும், நீர் வற்றிய ஜவ்வு கறுப்பாகவும் தெரியும். ஆனாலும் மூன்றாம் வாரத்திலேயே அதை எடுக்கச் சொல்ல நான் தயங்குவேன். இத்தகைய வலி பெரும்பாலோருக்கு ஆறு வாரங்களுக்குள் கணிசமாகக் குறைந்துவிடுகிறது; அதுவரை தரப்படும் சிகிச்சையும், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒன்றேதான். நடவுக்கூலியை நம்பியிருக்கும் குடும்பம், சிகிச்சையை மாற்றப்போகாத ஒரு படத்துக்காகக் கடன் வாங்குவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவரைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்த்து, பெருவிரலின் வலுவையும் கணுக்காலின் அனிச்சைத் துடிப்பையும் சோதிக்கும் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டாம். வலி பொறுக்கும் அளவுக்கு நடக்கட்டும்.

சில அறிகுறிகள் தோன்றினால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, பாதம் தொய்ந்துபோவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், அன்றைக்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அப்போது எம்.ஆர்.ஐ. அவசரத் தேவை. காய்ச்சல், உடல் இளைப்பு, இரவில் தூங்கவிடாத வலி ஆகியவை இருந்தாலும் விரைவில் படம் எடுத்தாக வேண்டும். முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. அதைக் காட்டிவிடும், மாத்திரைகளாலேயே பெரும்பாலும் குணமாக்கவும் முடியும். ஆறு வாரம் கடந்தும் கால்வலி குறையாமல், ஊசியோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம் என்ற நிலை வந்தால், அப்போது எம்.ஆர்.ஐ. எடுப்பது முறையானது.

கேள்வி: எனக்கு 40 வயது, அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை செய்கிறேன். அவ்வப்போது லேசான முதுகுவலி வந்ததால் நானாகவே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டேன். மூன்று இடங்களில் டிஸ்க் (ஜவ்வு) பிதுக்கம் என்று அறிக்கையில் இருக்கிறது. கால்வலி இல்லை. அறுவை சிகிச்சை செய்ய நேருமோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஓரிடத்திலாவது ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. வலியில்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வின்படி, 40 வயதில் பாதிப்பேருக்குப் பிதுக்கமும், 68 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானமும் காணப்படுகின்றன. தலை நரைப்பதைப் போல இதுவும் வயதோடு வருவது. கால்வலியும் மரமரப்பும் வலுக்குறைவும் இல்லாத உங்களுக்கு, அந்த அறிக்கையை மட்டும் வைத்து அறுவை சிகிச்சை செய்ய எந்த முகாந்திரமும் இல்லை. அந்த வயதில் இது இயல்பாகக் காணப்படுவதே என்ற ஒரு வரியை ஒவ்வொரு அறிக்கையிலும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அறிக்கையைப் படித்துவிட்டுக் குனியவே அஞ்சுகிறவர்களின் முதுகுத் தசைகள் அந்த அச்சத்தாலேயே வலுவிழக்கின்றன. நீங்கள் நடங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், நாற்காலியை விட்டு அடிக்கடி எழுந்திருங்கள்.

கேள்வி: 74 வயதான என் தந்தை வாசலில் வழுக்கி விழுந்தார், முதுகில் கடுமையான வலி. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருப்பதால் எம்.ஆர்.ஐ. வேண்டாம், சி.டி. போதும் என்கிறார்கள். கதிர்வீச்சு ஆபத்தில்லையா?
- ஒரு வாசகர், திருவையாறு

பதில்: எலும்பு முறிவைப் பார்க்க, எக்ஸ்ரே கதிர்களால் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் சி.டி. மிகச் சிறந்தது. இடுப்பு முதுகெலும்பு சி.டி.யில் ஏறத்தாழ 6 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடலில் சேரும். இயற்கையிலிருந்து நாம் அனைவரும் ஆண்டுதோறும் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். அவர் வயதில் இதற்கு அஞ்சி முறிவைக் கவனிக்காமல் விடுவதே பெரிய ஆபத்து. சி.டி.யின் குறை வேறொன்று: நசுங்கிய எலும்பு புதிதாக நசுங்கியதா, பழையதா என்பதை எம்.ஆர்.ஐ. அளவுக்கு அது காட்டாது. அதனால் வீட்டில் பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துச் செல்லுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியபோது தந்த அட்டையையும் காட்டுங்கள். புதிய வகைகள் சிலவற்றுடன், உரிய முன்னேற்பாடுகளைச் செய்து எம்.ஆர்.ஐ. எடுக்க முடியும். முறிவு உறுதியானால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.