குழுவில் நான் ஒன்று எழுத, மற்றவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். இதைத் தவிர்ப்பது எப்படி?

நீங்கள் சண்டைக்காரர் இல்லை என்றே நினைக்கிறேன். சண்டைக்காரர்கள் இப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள். அநேகமாக நாலு வார்த்தையில் எழுதுகிறவராக இருப்பீர்கள். நேரில் சிரித்துக்கொண்டே சொல்வதை அப்படியே தட்டி அனுப்பிவிடுவீர்கள். படிக்கிறவருக்கு அந்தச் சிரிப்பு எங்கே தெரியப்போகிறது?

இது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. 1982-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில், லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டதாக வேடிக்கைக்கு எழுதப்போக, அதைச் சிலர் நிஜ எச்சரிக்கை என்றே நம்பிவிட்டார்கள். அதன் பிறகுதான், வேடிக்கைக்குச் சொல்கிறோம் என்று காட்ட :-) போடலாம் என்றார் அங்கே கணினி ஆராய்ச்சியாளராக இருந்த ஸ்காட் ஃபால்மன்.

ஆனால் அந்தச் சிரிப்பு முகமே வினையாகிப்போனதும் உண்டு. நண்பர்கள் சேர்ந்து போன பயணத்துக்கு நான்தான் கணக்கு எழுதினேன். திரும்பியதும் பட்டியலைக் குழுவில் போட்டேன். "வண்டி வாடகை ரெண்டு இடத்துல இருக்கே?" என்று ஒருவர் கேட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் வைத்தார். ஒன்று முன்பணம், இன்னொன்று மீதி. விஷயம் அவ்வளவுதான். நான் பதில் எழுதுவதற்குள் அந்தக் கேள்விக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். "எனக்கும் அதே சந்தேகம்" என்று இன்னொருவர். அந்த நேரத்தில் முதல் ஆளின் சிரிப்பு எனக்குப் பச்சை நக்கலாகத் தெரிந்தது.

சூடாக ஒரு பத்தி தட்டினேன். ஆனால் அனுப்பவில்லை. கேட்டவருக்கே போன் போட்டேன். "அட, புரியலைன்னுதான்பா கேட்டேன்" என்றார். குரலைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. அப்புறம் அவர் கேள்வியை மேற்கோளாக வைத்து, "முதலாவது முன்பணம், அடுத்தது மீதி" என்று மட்டும் குழுவில் போட்டேன்.

அதனால் சொல்கிறேன்: பணம், ஒருவர் வேலையில் இருக்கும் குறை, இந்த மாதிரி விஷயங்களை முதலில் தனிச்செய்தியில் கேளுங்கள். பத்துப் பேர் பார்க்கக் கேட்டால், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அது விசாரணைதான். "பொதுப் பணத்தைப் பொதுவில் கேட்டால் என்ன?" என்று சிலர் கிளம்புவீர்கள், தெரியும். தனியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால் தாராளமாகப் பொதுவில் கேளுங்கள். மூடி மறைக்கவா சொன்னேன்?

கட்டைவிரல் போட்டவர்களைக் கேட்டால், "படித்துவிட்டேன் என்பதற்காகப் போட்டது" என்றார்கள். கனடாவில் ஒரு விவசாயியும் இதையேதான் சொன்னார். ஆளிவிதை ஒப்பந்தத்தின் படம் கைப்பேசிக்கு வந்தபோது கட்டைவிரலை அனுப்பிவிட்டு, பிறகு விதையைக் கொடுக்கவில்லை. 2023-ல் சஸ்காட்செவன் மாகாண நீதிமன்றம் அந்தக் கட்டைவிரலைக் கையெழுத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதனால் பார்த்துப் போடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதுகிறவன் படும் பாட்டை யாரும் நினைப்பதில்லை. கசங்கிய ரசீதுகளை நீவி எடுத்து வைப்பதும் அவன்தான், பங்கு தராதவர்களிடம் பல்லைக் காட்டிக் கேட்பதும் அவன்தான். "எனக்கும் அதே சந்தேகம்" என்றாரே ஒருவர், எல்லோருக்கும் கடைசியாகப் பங்கைக் கொடுத்தது அவர்தான். அதுவும் நான் மூன்று தடவை கேட்ட பிறகு.